வளைக்குள் போகவென்று உருவாக்கப்பட்ட நாய்

கேள்வி: நாங்கள் முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் காட்டோரக் காணியில், பிள்ளைகளோடும் வயல், மாடுகளோடும் இருக்கிறோம். கொழும்பில் தொடர்மாடி வீட்டில் இருந்த என் தம்பி வெளிநாடு போகும்போது தன்னுடைய டாக்ஸ்ஹுண்ட் நாயை எங்களிடம் விட்டுச் சென்றான். மண்ணிறக் கடுவன், 3 வயது, வந்து 5 மாதம் ஆகிறது. வேலியடி முழுவதையும் கிண்டிப்போட்டிருக்கிறது. கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை. இரவில் கொட்டிலில் கட்டினால் விடியும்வரை குரைக்கிறது. போன கிழமை உடும்பு வளைக்குள் தலையை விட்டபடி நின்றதை என் கணவர் பின்னங்காலில் பிடித்து இழுக்க, அவர் கையைக் கடித்துவிட்டது. கணவரின் மாமா வேட்டைக்குப் போகிறவர். "இது வேட்டைச் சாதி, என்னிடம் தாருங்கள், பழக்கிக் காட்டுகிறேன்" என்கிறார். மாமியாரோ இது குறைப்பிறவி, வீட்டுக்கு ஆகாது என்கிறார். இந்த நாயை வைத்திருப்பதா, கொடுப்பதா? மூன்று நாளாகத் திண்ணைப் படியில் ஏறாமல் கீழேயே நிற்கிறது, தூக்கினால் கத்துகிறது. அது குளிராலோ என்னவோ தெரியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் கடைசியாக எழுதியதைத்தான் மிருக வைத்தியர் என்ற முறையில் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. படி ஏற மறுப்பதும் தூக்கினால் கத்துவதும் குளிரால் வருவன அல்ல. இந்தச் சாதி நாயில், இந்த வயதில், இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை முள்ளந்தண்டு நோவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வரியை வாசித்தவுடன் நாயை ஓர் அறையில் அல்லது நான்கடிக்கு மூன்றடி அளவில் கம்பிவலையால் அடைத்த இடத்தில் விடுங்கள். ஓடவும் பாயவும் படி ஏறவும் அதற்கு இடம் இருக்கக்கூடாது. சலம் கழிக்க வெளியே கொண்டுபோகும்போது ஒரு கையை நெஞ்சின் கீழும் மறு கையைப் பின்தொடைகளின் கீழும் கொடுத்து, முதுகு பலகை போல நேராக இருக்கும்படி தூக்குங்கள். பிள்ளைகள் முன்னங்கால்களில் பிடித்துத் தூக்குவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நாளைக் காலையே உங்கள் பிரதேசக் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

அதற்கு முன் இன்னுமோர் அவசரம் உண்டு. உங்கள் கணவர் கடிபட்டதை எழுதிய நீங்கள், அவர் வைத்தியசாலைக்குப் போனதாக எழுதவில்லை. வீட்டு நாய்தானே என்று இருந்துவிட வேண்டாம். கடிகாயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவது முதல் வேலை. அது தவறிப்போயிருந்தாலும், நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு அவர் இன்றே வைத்தியசாலைக்குப் போகட்டும். ஊசி தேவையா, நாயைக் கவனித்து வந்தால் போதுமா என்பதை அங்குள்ள வைத்தியர் முடிவு செய்வார். கொழும்பிலிருந்து நாயுடன் அந்த அட்டை வரவில்லையென்றால், விசர்நாய் நோய்த் தடுப்பூசி போடப்படவில்லை என்றே கணக்கில் எடுங்கள்.

இனி முதுகு விடயத்துக்கு வருகிறேன். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. சாதாரண நாயில் அவற்றின் நடுப்பகுதி வயது போகும்வரை களி போல் நெகிழ்வாக இருக்கும். டாக்ஸ்ஹுண்டில் அது முதல் வயதிலேயே உலரத் தொடங்கி, சுண்ணாம்பு படிந்து, இறுகிவிடுகிறது. பிறகு திண்ணையிலிருந்து ஒரு பாய்ச்சல், அல்லது ஒன்றுமேயில்லாமல் ஒரு திரும்பல் போதும், தட்டு வெடித்து அதன் உள்ளீடு மேலே போகும் நரம்புக் கயிறான முண்ணாணை நசுக்கிவிடும். பெரும்பாலும் 3 முதல் 7 வயதுக்குள், நெஞ்சும் இடுப்பும் சந்திக்கும் இடத்தில் இது நடக்கிறது. இந்த இனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றுவரை வாழ்நாளில் ஒரு தடவையாவது இதற்கு ஆளாவதாக ஆய்வுகள் சொல்கின்றன. வேறெந்த நாயினத்திலும் இந்த அளவுக்கு இல்லை.

இங்கேதான் உங்கள் மாமியாரின் பக்கம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. குறைப்பிறவி என்று அவர் சொன்னது கடுமையான சொல்லே தவிர, முழுப் பிழையல்ல. இந்த நாயின் கட்டைக்கால், எலும்பின் நுனியிலுள்ள கசியிழையம் (குருத்தெலும்பு) உரிய காலத்துக்கு முன்னரே வளர்ச்சியை நிறுத்திவிடுவதால் வருவது. எஃப்ஜிஎஃப்4 என்ற பரம்பரை அலகின் கூடுதல் பிரதியொன்று நாயின் 18ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) புகுந்திருப்பதே குட்டைக்காலுக்குக் காரணம் என்பது 2009இல் கண்டறியப்பட்டது. அதே அலகின் இன்னொரு பிரதி 12ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதையும், முதுகுத் தட்டு இளவயதில் இறுகிப்போவதற்கு அதுவே காரணம் என்பதையும் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் காட்டினர். ஒரு வளர்ச்சிக் குறையை மனிதர் கண்டு, இது நமக்கு உதவும் என்று தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பெருக்கி எடுத்த உடல் இது. குறை இருக்கிறது, ஆனால் அது நாயின் குற்றமன்று.

எதற்கு உதவியது என்றால், வளைக்குள் போவதற்கு. டாக்ஸ் என்றால் ஜேர்மன் மொழியில் பாட்ஜர் எனப்படும் வளைகிண்டும் விலங்கு. ஹுண்ட் என்றால் நாய். பாட்ஜர் நம் நாட்டில் இல்லை. 10, 12 கிலோ எடையுள்ள, முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு ஓடிய, குளிர்நாட்டுக் காடுகளில் நிலத்தின் கீழ்ச் சுரங்கம் சுரங்கமாகத் தோண்டி வாழும் பிராணி அது. கூரிய நகமும், விட்டுக்கொடாத தாடையும் உள்ளது. அதன் வளைக்குள் மனிதன் போக முடியாது, ஓடும் நாய் போக முடியாது. ஆகவே நீண்ட உடலும் குட்டைக்காலும் கொண்ட ஒரு நாயை உள்ளே விட்டார்கள். அது இருட்டில் போய், பாட்ஜரை நேருக்கு நேர் கண்டு, ஒன்றில் மறுவாசலால் விரட்டும், அல்லது ஒரு மூலையில் மடக்கி வைத்துக்கொண்டு ஓயாமல் குரைக்கும். மேலே நிற்பவர்கள் அந்தக் குரைப்பு எங்கிருந்து வருகிறது என்று நிலத்தில் காதை வைத்துக் கேட்டு, அந்த இடத்தைத் தோண்டுவார்கள். மண்ணைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்பதற்காகவே இதற்கு இவ்வளவு ஆழமான நெஞ்சும், உருவத்துக்குப் பொருந்தாத பெரிய குரலும் தேர்ந்தெடுக்கப்பட்டன. உங்கள் கொட்டிலில் விடியும்வரை கேட்கும் குரல் அதுதான்.

அதன் உடம்பை இனி ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். முன்பாதம் பின்பாதத்தைவிட அகலமாக, மண்வெட்டி போல இருக்கும். தோல் இறுக்கமில்லாமல் வழுகும். வேரிலும் கல்லிலும் உரசும்போது கிழியாமல் நகர்ந்து கொடுக்க அது தேவைப்பட்டது. நெஞ்செலும்பு படகின் அணியம் போல முன்னே துருத்தி நிற்கும். இன்றுவரை சர்வதேச நாயினக் கூட்டமைப்பு இந்த இனத்தின் அளவு வகைகளை உயரத்தால் அல்ல, மார்புச் சுற்றளவால்தான் பிரிக்கிறது. நாய் 15 மாதம் நிறைந்தபின் நாடாவால் அளப்பார்கள். எந்த வளைக்குள் நுழையும் என்பதல்லவா கேள்வி. நரிக்கும் பாட்ஜருக்கும் ஓர் அளவு, முயல் வளைக்குப் போக அதிலும் சிறிய அளவு. அந்தக் கூட்டமைப்பின் பத்துப் பிரிவுகளில் நாலாவது பிரிவு முழுவதும் இந்த ஓர் இனத்துக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் வனக்காவலரும் வேட்டைக்காரரும் கையாண்ட இந்த நாய்க்கு 1879இல் இனவரையறை எழுதப்பட்டது. 1888இல் அதற்கெனத் தனிச் சங்கம் தோன்றியது. அங்கே இதை வீட்டில் டக்கல் என்றும் வேட்டைக்காரர் டெக்கல் என்றும் அழைப்பார்கள். வழுவழுப்பான மயிர், நீண்ட மயிர், கம்பி மயிர் என மூன்று வகை உண்டு. கம்பி மயிர் வகை, கரட்டு மயிருள்ள வேறு நாய்களுடன் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவானது. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி இதன்மேல் கொண்ட பிரியத்தால் அது மாளிகை நாயாயிற்று. முதலாம் உலக யுத்தம் வந்தபோது ஜேர்மன் நாய் என்ற காரணத்தால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெறுக்கப்பட்டது. மனிதரின் சண்டைக்கு நாய் எப்படிப் பொறுப்பாகும் என்பதை அந்த நாட்டவர் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமாக வால்டி என்ற பெயரில் பல நிறப் பட்டிகளோடு வந்தது இதே நாய்தான். கோடைகால ஒலிம்பிக்கின் முதலாவது அதிகாரபூர்வ உருச்சின்னம் அது. இலங்கைக்கு வந்த வரலாற்றை நான் நீட்டப் போவதில்லை. கொழும்பில் சிறிய வீடுகளுக்கு ஏற்ற சிறிய நாய் என்று வாங்குகிறார்கள். ஆனால் அது உருவத்தில் மட்டுமே சிறிய நாய்.

குணத்துக்கு வருவோம். கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்டுப்பட்டி காக்கும் நாய் எசமானின் முகத்தையும் கையையும் பார்த்து வேலை செய்யும். வளைக்குள் போன நாய்க்கு எசமானும் இல்லை, கையும் இல்லை. முன்னே போவதா, பின்வாங்குவதா, எப்போது கவ்வுவது என்பதெல்லாம் அது தனியே இருட்டில் எடுக்கவேண்டிய முடிவுகள். அப்படி முடிவெடுக்கத் தெரிந்தவையிலிருந்துதான் அடுத்த தலைமுறையை எடுத்தார்கள். ஆகையால் சொற்கேளாமை என்று நீங்கள் நினைப்பது இதன் தொழில் தகைமை. அடித்துப் பழக்க முடியாது. அடித்தால் உங்களிடம் வராமல் இருக்கப் பழகும். மூக்கு ஒரு மணத்தைப் பிடித்துவிட்டால் காது மூடிவிடும் என்பதை ஏற்றுக்கொண்டு, மூக்கு ஓய்வாக இருக்கும் வேளையில், ஒரு துண்டு அவித்த கோழியைக் காட்டி, தினமும் பத்துத் தடவை கூப்பிட்டுக் கொடுத்துப் பழக்குங்கள். கூப்பிட்டுவிட்டு ஒருபோதும் ஏச வேண்டாம், கட்டவும் வேண்டாம்.

கடித்ததைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். 2008இல் அமெரிக்காவில் நாய் வளர்ப்போரிடம் விரிவாகக் கேட்டறிந்து வெளியிட்ட ஆய்வொன்றில், அந்நியரிடமும் சொந்த வீட்டாரிடமும் சீறுவதில் இந்த இனம் முன்வரிசையில் நின்றது. பாட்ஜரின் முகத்தைப் பார்த்துப் பின்வாங்காத நாய், மனிதன் கையைப் பார்த்து மட்டும் பயப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆயினும் உங்கள் கணவரைக் கடித்தது பொல்லாத குணத்தால் அல்ல என்றே நான் நினைக்கிறேன். வளைக்குள் தலையை விட்ட நாய்க்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று தெரியாது. பின்னங்காலில் ஏதோ பிடித்தால் அது இன்னொரு பகையென்றே எடுக்கும். அதோடு, அந்த இழுவையில் முதுகு நொந்திருந்தால் கடி இன்னும் நிச்சயம். போன கிழமை இழுத்தார், மூன்று நாளாகப் படி ஏறவில்லை என்ற இரண்டையும் நான் சேர்த்தே வாசிக்கிறேன். இனி அது வளையடியில் நின்றால், இழுக்காமல், பக்கவாட்டில் நின்று மூக்கருகே மணமுள்ள உணவைக் காட்டித் திருப்புங்கள். அது முடியாவிட்டால் மார்புப் பட்டியின் பிடியைப் பிடித்துப் பின்னே நகர்த்துங்கள். கழுத்துப் பட்டியும் சங்கிலியும் இந்த நாய்க்கு வேண்டாம். கழுத்திலும் அதே தட்டுகள்தான் உள்ளன.

மாமாவுக்கு என்ன சொல்வது என்பதுதான் உங்களுக்குக் கடினமான பகுதி என்று விளங்குகிறது. வேட்டைச் சாதி என்று அவர் சொன்னது சரி. ஆனால் அவருடைய வேட்டை வேறு, இதன் வேட்டை வேறு. நம் வன்னியில் வேட்டைக்குப் போகும் நாட்டு நாய்கள் நீண்ட காலும் ஒட்டிய வயிறும் உள்ளவை. வெயிலில் ஓடும், கூட்டமாகச் சூழும், ஆபத்தென்றால் விலகும். டாக்ஸ்ஹுண்ட் தனியே போகும், விலகாது. அது புகுந்து பார்க்க விரும்பும் துவாரங்களில் இங்கே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கறையான் புற்றில் நாகம் இருக்கலாம். முள்ளம்பன்றியின் வளையில் எதிர்கொண்டு போகும் நாயின் நெஞ்சிலும் கண்ணிலும் முள் ஏறும். கண்ணாடிப் புடையன் கடித்தால், பெரிய நாய்க்கும் 8 கிலோ நாய்க்கும் இறங்கும் நஞ்சு ஒன்றுதான், ஆனால் அதைத் தாங்கவேண்டிய உடம்பு சிறியது. உடும்பும் அழுங்கும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவற்றைப் பிடித்தால் நாயை அல்ல, நாயைக் கொண்டுபோனவரைத்தான் பிடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மண் கிண்டுவதே தொழிலாகக் கொண்ட ஒரு நாயை, கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத ஒரு மாவட்டத்தின் காட்டுக்குள் விடுவதைப் பற்றி நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. அதைத் தேடிப் போகிற மனிதரையும் சேர்த்தே நினைக்க வேண்டும். சிவப்பு மண்டையோட்டுப் பலகை எல்லா இடத்திலும் இன்னும் நிற்கிறது என்றோ, அது இல்லாத இடமெல்லாம் துப்பரவு என்றோ யாரும் உறுதி தர முடியாது.

இவ்வளவையும் மாமாவிடம் நீங்கள் வாதாட வேண்டாம். "முதுகு சரியில்லை, வேலைக்கு ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்" என்று என்மேல் பழியைப் போடுங்கள். வேட்டை நாய் வளர்ப்பவர் முதுகு போன நாயைக் கேட்க மாட்டார்.

நாளை வைத்தியர் பார்க்கும்போது நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று பிரிப்பார். எளிதாக நான்காகச் சொல்கிறேன். நோவு மட்டும் இருப்பது முதல் நிலை. பின்னங்கால் தள்ளாடுவது, பாதத்தின் மேற்புறம் நிலத்தில் தேய நடப்பது இரண்டாவது. நிற்கவே முடியாமல் இழுபடுவது மூன்றாவது. பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினாலும் உணராதது நாலாவது. இதில் ஒரு நுட்பம் உண்டு. கிள்ளும்போது காலை இழுத்துக்கொண்டால் உணர்வு இருக்கிறது என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். கால் இழுபடுவது முண்ணாணின் கீழ்ப்பகுதி தானாகச் செய்யும் வேலை. நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், அல்லது கடிக்க வர வேண்டும். அப்போதுதான் செய்தி மூளைவரை போயிருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் நாய் முதல் நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை, குறைந்தது 4 கிழமை அடைத்து வைத்து, வைத்தியர் தரும் நோ மருந்தைக் கொடுத்தால், அறுவைச் சிகிச்சை இல்லாமலே தேறுகின்றன. சிக்கல் என்னவென்றால், மருந்து கொடுத்த மூன்றாம் நாளே நாய் துள்ளத் தொடங்கும், வீட்டார் பாவப்பட்டுத் திறந்துவிடுவார்கள். நோவு மறைந்தது, தட்டு ஆறவில்லை. இரண்டாம் தடவை வருவது முதல் தடவையைவிட மோசமாக இருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் உரப்பையில் படுக்கவைத்துக் கொண்டுவரப்பட்ட ஒரு டாக்ஸ்ஹுண்டை நான் மறக்கவில்லை. கால் சுளுக்கென்று நினைத்து ஐந்து நாள் நல்லெண்ணெய் போட்டு உருவியிருந்தார்கள். அன்போடுதான் உருவினார்கள். ஆனால் என்னிடம் வந்தபோது பின்பாதியில் உணர்வே இல்லை. உணர்வு போன நாய்க்கு ஒரு நாள், இரண்டு நாளுக்குள் அறுவைச் சிகிச்சை செய்தாலும் பாதிக்குப் பாதிதான் எழும்பும். உணர்வு இருக்கும்போதே செய்தால் பத்தில் ஒன்பது நடக்கும். ஆகவே இன்றிரவு அல்லது அடுத்த நாட்களில் கால் இழுபடத் தொடங்கினாலோ, சலம் தானாக ஒழுகினாலோ, அல்லது சலமே போகாமல் வயிறு கட்டியாக இருந்தாலோ, கிழமை முடிவு என்று பாராமல், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியபீடத்தின் வைத்தியசாலைக்கு ஏ9 வீதியால் கொண்டுபோக ஆயத்தமாக இருங்கள். போவதற்குமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பலகையில் கிடத்திச் சீலையால் தளர்வாகக் கட்டிக் கொண்டுபோகலாம். எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம், வீட்டிலிருக்கும் மனிதரின் நோக்குளிசையைக் கொடுக்கவும் வேண்டாம். டைக்ளோஃபெனக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குப் பிறகு வைத்தியர் கொடுக்க நினைக்கும் மருந்துக்கும் வழி அடைபட்டுவிடும்.

முதுகைக் காப்பதில் எடைக்கு மேலான மருந்து இல்லை. உங்கள் நாயின் எடையை எழுதவில்லை. நாயைத் தடவிப் பாருங்கள். விலா எலும்புகள் அழுத்தாமலே கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கியிருக்க வேண்டும். நம் வீடுகளில் நாய்க்கென்று மிச்சச் சோற்றில் கறிக்குழம்பை ஊற்றி வைப்பது வழக்கம். அதில் இருக்கும் வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் செங்கலங்களை உடைக்கக் கூடியவை. சோற்றைக் குறைத்து, தோல் நீக்கி உப்பில்லாமல் அவித்த கோழி இறைச்சி, முள் நீக்கிய மீன், முட்டை, சிறிது பூசணி என்று கொடுங்கள். அவித்த கோழி எலும்பு வேண்டாம். அடைத்து வைத்திருக்கும் மாதத்தில் வழமையான அளவில் கால்வாசியைக் குறையுங்கள். அது உங்களைப் பார்க்கும் பார்வைக்கு மனமிரங்க வேண்டாம். இந்தச் சாதி பசியே இல்லாதபோதும் அப்படித்தான் பார்க்கும்.

இரவுக் குரைப்புக்கு மருந்து கொட்டிலை விட்டு உள்ளே எடுப்பதுதான். தம்பியின் தொடர்மாடியில் இவ்வளவு காலமும் மனிதரோடு படுத்த நாய், இங்கே இருட்டில் தனியே கட்டப்பட்டு, காட்டுக்குள் நரி ஊளையிடுவதையும் தூரத்தில் யானை மரம் முறிப்பதையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு பழைய போர்வையோடு உள்ளே ஒரு மூலையைக் கொடுத்தால், போர்வைக்குள் புகுந்து வளை செய்துகொண்டு உறங்கும். யானை வரும் பக்கத்தில் இரவில் நாயை அவிழ்த்துவிடுவது இன்னொரு காரணத்துக்காகவும் கூடாது. குரைத்துச் சீண்டிவிட்டு, துரத்தப்பட்டதும் நேரே உங்கள் வாசலுக்குத்தான் ஓடிவரும்.

கிண்டுவதை நிறுத்த முடியாது, இடம் மாற்றலாம். முதுகு ஆறி, வைத்தியர் அனுமதித்தபின், வளவின் நிழலான மூலையில் மணல் கொட்டி ஒரு குழி ஒதுக்குங்கள். சிரட்டைக்குள் அவித்த முட்டைத் துண்டை வைத்து மணலில் புதைத்து, தேடி எடுக்க விடுங்கள். ஒரு துண்டு இறைச்சியை நூலில் கட்டி முற்றம் முழுவதும் இழுத்துச் சுவடு போட்டு, அதன் முடிவில் வைத்துவிடுங்கள். ஜேர்மன் வனக்காவலர் இன்றும் காயம்பட்ட மானின் இரத்தச் சுவட்டை இதே நாயைக் கொண்டும் தேடுகிறார்கள். பத்து நிமிட மூக்கு வேலை அதற்கு ஒரு மணி நேர ஓட்டத்தைவிட அலுப்பைத் தரும். வேலியடிக்கு, கம்பிவலையை ஒன்றரை அடி ஆழம் புதைத்து, மேலே கல் அடுக்குங்கள். திண்ணைப் படிக்குப் பக்கத்தில், சறுக்காமல் சாக்கு விரித்த ஒரு சாய்பலகையை நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காட்டோரத்தில் உண்ணிதான் பெரிய எதிரி. தொங்கு காதின் உள்ளேயும் விரலிடுக்கிலும் தினமும் பாருங்கள். வைத்தியர் சொல்லும் உண்ணி மருந்தை மாதம் தவறாமல் கொடுங்கள். முரசு வெளிறினாலோ, சலம் தேநீர் நிறத்தில் போனாலோ, காய்ச்சலோடு சோர்ந்தாலோ, உண்ணி பரப்பும் பேபீசியாவுக்கு இரத்தம் பார்க்க வேண்டும். வயிறு நிலத்தோடு போவதால் நெருஞ்சி முள்ளும் சூடும் முதலில் அங்கேதான் ஏறும். சோளகம் வீசும் மாதங்களில் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 5 மணிக்குப் பின்னும் மட்டுமே வெளியே நடத்துங்கள். மாரியில் காதைத் துடைத்து உலர வையுங்கள். மணல் தரையில் நகம் தேயாது, மூன்று கிழமைக்கு ஒருமுறை வெட்டவேண்டும். இனம் பெருக்கச் சொல்லி யாராவது கேட்டால், முதுகு நொந்த நாயிலிருந்து குட்டி எடுப்பதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

வைத்திருப்பதா, கொடுப்பதா என்று கேட்டீர்கள். இந்த 4 கிழமை அடைப்பை உங்களால் செய்ய முடியும் என்றால் வைத்திருங்கள். பிள்ளைகளும் வயலும் மாடும் வைத்துக்கொண்டு முடியாதென்றால், மாமாவுக்கல்ல, வளவு மதிலுள்ள, படியில்லாத வீட்டில் இருக்கும், இந்த இனத்தை முன்பே வளர்த்த ஒருவருக்கு, முதுகு விடயத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நாளை போவதற்கு முன், கைத்தொலைபேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நாயைச் சமதரையில், மெதுவாக, பின்புறமிருந்து தெரியும்படி நாலைந்து அடி நடக்கவிட்டு எடுத்தால் போதும். வைத்தியரின் மேசையில் ஏற்றியதும் நோவை மறைத்து விறைத்துக்கொண்டு நிற்கும் சாதி இது, வீட்டில் நடந்த நடையை அங்கே காட்டாது.